மயிலைக்கு யார் என்ன கொடுத்தது?

தங்கமுத்து வீட்டில் யாருக்கும் வாய் அதிகம் கிடையாது. ஊமைகள் என்று நினைத்துவிட வேண்டாம். மாட்டை அதட்டவும், பெய்யாத மழையைத் திட்டவும், சந்தையில் வெங்காயத்துக்கு விலை பேசவும் வேண்டிய அளவுக்குப் பேச்சு இருந்தது. ஒருவருக்கு ஒருவர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வரும்போதுதான் நாக்கு அண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ராமுத்தாய் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில், தான் ஆக்குகிற சோறு யாருக்கும் பிடிக்கவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தாள். பிடித்தால் வட்டிலில் மிச்சம் இருக்காது, பிடிக்காவிட்டால் இருக்கும், இவர்களிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள அவளுக்குச் சில வருஷம் ஆயிற்று. அதற்குள் அவளுக்கும் அதே வியாதி தொற்றிவிட்டது.

செம்பட்டியிலிருந்து திண்டுக்கல் போகிற ரோட்டில் பாதித் தூரம் வந்தால் ஒரு வண்டிப்பாதை இறங்கும். அதில் போனால் கரட்டுப்பட்டி. ஊரை விட்டு விலகி, கிணற்றை ஒட்டியே இவர்கள் வீடு. தங்கமுத்து, அவன் பெண்டாட்டி ராமுத்தாய், அவன் தம்பி சுருளிவேல், மகள் ஒச்சம்மாள் என்று நான்கு உயிர். அது போகக் கமலை இழுக்கிற மாடு இரண்டு. கரண்டு மோட்டார் என்ற பேச்சு திண்டுக்கல் வரைக்கும் வந்திருந்தது, கரட்டுப்பட்டிக்கு இன்னும் வந்து சேரவில்லை. இரண்டு மாடும் சேர்ந்து சரிவில் இறங்கி வடத்தை இழுத்தால்தான் கிணற்றுக்குள் கிடக்கும் சால் என்ற பெரிய வாளி தண்ணீரோடு மேலே வரும். அது வாய்க்காலில் ஓடினால்தான் வெங்காயம், வெங்காயம் இருந்தால்தான் அடுப்பு. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு அந்த வடத்தை அசைக்கக்கூட முடியாது.

அந்த வருஷம் தை மாதக் கடைசியில் வெள்ளை மாட்டைப் பாம்பு தீண்டிவிட்டது. கறுப்பு மாடு காரி மட்டும் மிஞ்சியது. வெங்காயம் தாள் எழும்பி நிற்கிற நேரம். மாசி பிறந்ததும் வெயில் ஏறிக்கொண்டது. புது மாடு வாங்க வேண்டுமானால் வெங்காயத்தை எடுத்தாக வேண்டும். வெங்காயத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் மாடு வேண்டும். சுருளிவேல் குடத்தால் மொண்டு மொண்டு ஊற்றிப் பார்த்தான். இளவட்டம்தான், ஆனாலும் ஒரு பாத்தி நனைவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான். தங்கமுத்து தாள் மஞ்சள் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ராமுத்தாய்க்கு அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் விடியக்காலம் பக்கத்துத் தோட்டத்து இஞ்ஞாசி ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். சாணார்பட்டிப் பக்கம் இருந்து வந்து நிலம் வாங்கிய கிறிஸ்தவர், ஊர்ப் பேச்சில் வேதக்காரர். நல்ல உழைப்பாளி, ஆனால் எந்நேரமும் யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி முகம். அவர் ஜோடியில் வலது பக்கத்து மாடு அது, இடது பக்கத்தது செவலை. சாம்பல் நிறம், பேர் மயிலை. கேட்காமலே கொண்டுவந்து முளையில் கட்டினார்.

“ஏ மாப்ள, இது இன்னைக்கு உங்களுக்கு, நாளைக்கு எனக்கு. பொழுது சாய அவுத்து உங்க கொட்டத்துலயே கட்டுங்க. விடிய நானே வந்து பிடிச்சுக்கிறேன்.”

“மச்சான், உங்க மெளகாச் செடி…” என்று தங்கமுத்து இழுத்தான்.

“மெளகாய்க்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாய்ச்சுனா போதும். வாயப் பாத்துக்கிட்டு நிக்காம வேலையப் பாருங்க.”

தங்கமுத்து ஏதோ சொல்லத் தொண்டையைச் செருமினான். செருமி முடிப்பதற்குள் இஞ்ஞாசி வரப்பைத் தாண்டிப் போய்விட்டார். நல்லது செய்துவிட்டுத் திருடனைப் போல ஓடுகிற மனிதர் அவர்.

அன்றைக்குச் சால் மேலே வந்து தொட்டியில் கொட்டிய சத்தத்தைக் கேட்டதும் ராமுத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அடுத்த புதன்கிழமை முட்டையிடுகிற கோழியை அடித்து, மிளகு தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்து, முதல் சட்டியை ஒச்சம்மாளிடம் கொடுத்து இஞ்ஞாசி சம்சாரத்திடம் அனுப்பினாள். போன வேகத்தில் சட்டியோடு திரும்பி வந்தது பிள்ளை.

“என்னடி, அத்தை வீட்ல இல்லையா?”

“இருந்தாக. வேணாமாம்.”

“வேணாமுன்னா? என்ன சொன்னாக?”

“வேணாம், ஆத்தாட்டச் சொல்லிருன்னாக” என்று சொல்லிவிட்டுச் சட்டிக்குள் எலும்பைத் தேட ஆரம்பித்தது.

ராமுத்தாய்க்கு முகத்தில் அறைந்தது போல் ஆகிவிட்டது. மாட்டைக் கொடுப்பார்கள், நம் வீட்டுச் சட்டியில் கைநனைக்க மாட்டார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் மயிலையை அவிழ்த்துக்கொண்டு போய் அவர் வாசலிலேயே கட்டிவிட்டு வந்துவிடுவான். சாய்ங்காலம் கொட்டத்துக்குப் போனாள். மயிலை வைக்கோலை அசைபோட்டுக்கொண்டு இவளைத் திரும்பிப் பார்த்தது. உழைப்பது இது, வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லாததும் இது. ஒரு உருண்டை கம்பஞ்சோற்றை அதன் வாயில் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் அவள் மனசு ஆறியது.

அன்றிலிருந்து மயிலை வருகிற நாளெல்லாம் யாருக்கும் தெரியாமல் அதற்கு ஒரு பங்கு போயிற்று. உருண்டை இரண்டாயிற்று, பிறகு சின்னச் சட்டியாயிற்று. தன் வட்டிலில்தான் குறைத்தாள், மற்றவர்கள் வட்டிலில் கை வைக்கவில்லை. இரவல் மாடு, ஒரு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே என்று ஓய்ச்சல் இல்லாமல் உழைக்கிறது, இதற்குக்கூடச் செய்யாவிட்டால் நாம் என்ன மனிதர்கள் என்று நினைத்தாள். மாடும் நாளாக நாளாகப் பளபளவென்று ஆயிற்று. பரவாயில்லை, நம் கைச் சோற்றுக்கு அம்புட்டுச் சத்து இருக்கிறது என்று உள்ளுக்குள் பெருமைகூட வந்தது.

பங்குனி பிறந்த வாரத்தில் ஒரு நாள் அனல்காற்று வீசியது. பாய்ச்சிய பாத்தி பாய்ச்சிய சூட்டில் வெடித்தது. தங்கமுத்து விடியக் கட்டிய கமலையை மத்தியானம் கஞ்சிக்கு மட்டும் நிறுத்திவிட்டு மறுபடியும் கட்டினான். பொழுது சாய மாட்டை அவிழ்க்கும்போது மயிலையின் வாயில் நுரை தள்ளியது. ராமுத்தாய்க்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குக் கம்பைக் கூடுதலாகக் குத்தி, பெரிய சட்டி நிறையக் கிண்டி, மோர் விட்டுப் பிசைந்து கொட்டத்துக்குக் கொண்டுபோனாள். மயிலை என்றைக்கும் போல ஆவலாக வாயைக் கொண்டுவரவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

“அலுப்பாக்கும் ராசா. வெறும் வயித்தோட படுக்கக் கூடாது. இந்தா, இதைத் தின்னுட்டுப் படு” என்று கழுத்தைத் தடவி, வாய்க்குள் கைவிட்டு, உருண்டை உருண்டையாக ஊட்டிச் சட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் வந்தாள்.

மறுநாள் விடியச் சாணி அள்ளப் போனவள் கூடையைக் கீழே போட்டுவிட்டாள். மயிலை கால்களைப் பரப்பிக்கொண்டு படுத்திருந்தது. இடது பக்க வயிறு முதுகெலும்புக்கு மேலே புடைத்து நின்றது. தட்டிப் பார்த்தால் முரசு போல அதிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது. “ஏங்க!” என்று அவள் போட்ட கூப்பாட்டில் தங்கமுத்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். பின்னாலேயே சுருளி வந்தான். இரண்டு பேரும் மாட்டைப் பார்த்த பார்வையை ராமுத்தாய் பார்த்தாள். தன் சோறுதான் இதைக் கொன்றுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

சுருளி சைக்கிளை எடுத்துக்கொண்டு மாட்டுத் தரகர் மீரானைக் கூட்டி வரப் போனான். சுற்றுப்பட்டில் மாட்டுக்கு ஏதாவது என்றால் அவரைத்தான் தேடுவார்கள். அவர் வருவதற்குள் மாட்டைப் பிடித்துப் போக இஞ்ஞாசியும், கூடவே அவர் சம்சாரம் செபாஸ்தியம்மாளும் வந்துவிட்டார்கள். இஞ்ஞாசி கொட்டத்து வாசலில் அப்படியே நின்றார். முகம் கறுத்துப்போயிற்று.

“என்னய்யா பண்ணுனீக என் மாட்ட?”

தங்கமுத்து மாட்டின் தலைக்கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தான்.

“எரவல் குடுத்த பாவத்துக்கு இதுவா மாப்ள? பிள்ளை மாதிரி வளத்தேன்யா அதை. எனக்கும் இதுதானே வலதுமாடு? செவலைய ஒத்தையில வச்சுக்கிட்டு நான் என்னத்த இறைக்க?”

தங்கமுத்து தலையைக் குனிந்துகொண்டான். மயிலை செத்தால் அந்த வாரத்திலேயே இரண்டு தோட்டமும் காயும். அதைவிடவும், அந்த மனிதர் முகத்தில் இனி எப்படி முழிப்பது? ராமுத்தாய் கொட்டத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அந்த வீட்டு வியாதி அப்போதும் அவள் தொண்டையை விடவில்லை.

மீரான் வந்ததும் குனிந்து காதைத் தொட்டுப் பார்த்தார். வாயை முகர்ந்தார். வயிற்றில் முஷ்டியை வைத்து அழுத்தினார்.

“பச்சப் புல்லு மேஞ்சுச்சா? கொளத்துப் பக்கம் எங்கயும் அவுத்து விட்டீகளா?”

“இந்த வெயில்ல பச்சைக்கு எங்க போறது பாய்? வைக்கோல்தான்” என்றான் தங்கமுத்து.

“வைக்கோலுக்கு இப்பிடி உப்பாதுப்பா. பச்சையாத்தான் இருக்கணும், எங்கயாச்சும் வாய் வச்சிருக்கும். அம்மா, ஒரு அண்டா வெந்நி வைங்க. மருந்தக் கரைச்சு வயிறு நெறையத் தண்ணியா ஊத்திவிட்டா காத்து எறங்கிரும்.”

வெந்நீர் வந்தது. மீரான் மருந்தைக் கரைத்து மூங்கில் குழாயில் மொண்டார். சுருளி மாட்டின் வாயைப் பிளந்து பிடித்தான். மீரான் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரிச் சொன்னார்: “தானியமுன்னா மட்டும் ஊத்தக் கூடாது. தானியத்துக்கு மேல தண்ணி போச்சுன்னா ஊறி உள்ளயே வெடிச்சிரும். பச்சைக்குப் பயமில்ல. யா அல்லா…” என்று குழாயை உயர்த்தினார்.

“பாய்! ஊத்தாதீக!” என்று ராமுத்தாய் அலறியதில் குழாய் கீழே விழுந்து மருந்து மண்ணில் ஓடியது. “தானியந்தான். நாந்தான் குடுத்தேன். கம்பஞ்சோறு, ஒரு சட்டி நெறைய. அது மாட்டேன்னுச்சு, நாந்தான் வாய்க்குள்ள கைய விட்டுத் திணிச்சேன்.”

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இஞ்ஞாசி அவளையே பார்த்தார். மீரான் தாடியைச் சொறிந்தார்.

“ஒரு சட்டிச் சோத்துக்கு இவ்வளவு கல்லா இறுகாதேம்மா. வேற ஏதோ உள்ள கெடக்கு.”

மாட்டின் வாயைப் பிடித்திருந்த கையைச் சுருளி மெல்ல எடுத்தான்.

“நான் பருத்திக்கொட்டை ஆட்டி வச்சேன்” என்றான். “மத்தியானம். ஒரு கூடை இருக்கும்.”

“ஒனக்கு ஏதுடா பருத்திக்கொட்டை?” என்று தங்கமுத்து கேட்டான்.

“வேடசந்தூர்ல சேக்காளிகிட்ட வாங்கியாந்தேன். நெதமும் குடுக்கிறேன். நேத்து ரொம்ப எளைச்சுச்சேன்னு கொஞ்சம் கூடுதலா…”

மீரான் தங்கமுத்துவைப் பார்த்தார். அவர் பார்த்த பிறகு மற்றவர்களும் பார்த்தார்கள். தங்கமுத்து செத்த நேரம் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான்.

“கம்பு ஊற வச்சுப் போட்டேன்” என்றான் கடைசியில்.

“கம்பு ஏது? பானையில நான் அளந்துதானே வச்சிருக்கேன்” என்றாள் ராமுத்தாய் அழுகையின் நடுவே.

“மச்சுல இருந்துச்சுல்ல.”

“வெதைக் கம்பையா?”

தங்கமுத்து தலையை மட்டும் ஆட்டினான். விதைத் தானியத்தைப் பஞ்சத்தில்கூடத் தொடாத மனிதன். ஒரு தடவை ராமுத்தாய் பிரசவத்துக்குக் கிடந்தபோது பத்தியச் சோற்றுக்கு அதில் ஒரு படி கேட்ட தன் அத்தையைத் திருப்பி அனுப்பியவன். அவன்தான் இரவல் மாட்டுக்கு அதை ஊறவைத்துப் போட்டிருக்கிறான். அவளுக்குக் கோபம் வரவில்லை. இந்த மனுசனுக்குள் இம்புட்டு இருந்திருக்கிறதே, எனக்கு ஒரு நாளும் தெரியாமல் போயிற்றே என்றுதான் ஆதங்கமாக இருந்தது.

அப்போது தூணுக்குப் பின்னால் இருந்து ஒரு விசும்பல் கேட்டது. ஒச்சம்மாள். “எனக்குத் திங்க வச்ச மொச்சையெல்லாம் மயிலைக்குத்தான் போட்டேன், ஆத்தா. மயிலை செத்துருமா?”

“அடப் பாவிகளா! நாலு பேரும் சேந்து ஒத்த மாட்டுக்கு விருந்தா வச்சீக?” என்றார் மீரான்.

இஞ்ஞாசி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் செபாஸ்தியம்மாள் முந்திக்கொண்டாள்.

“நாலு பேரு இல்ல பாய், அஞ்சு. நேத்து விடிய அனுப்பும்போது நான் கொள்ளு அவிச்சு ஒரு சட்டி வச்சுத்தான் அனுப்புனேன்.”

“நீயுமா? ஒனக்கு என்னடி வந்துச்சு?” என்றார் இஞ்ஞாசி.

“அடுத்தவுக வீட்டுக்கு ஒழைக்கப் போற மாடு. வயித்த வாட விட்டு அனுப்பிட்டாகன்னு பேரு வரக் கூடாதுல்ல. அவுக வீட்ல ஒண்ணும் கெடைக்குமோ கெடைக்காதோன்னு நெனைச்சேன். இங்கன தேரோட்டமில்ல நடந்திருக்கு!”

மீரானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. விளக்கெண்ணெயில் பெருங்காயமும் ஓமமும் சுக்கும் குழப்பி, சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் ஊற்றினார். மாட்டை ஆண்கள் நால்வரும் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். முன்கால் மேட்டில் இருக்கும்படி கமலைச் சரிவில் நிறுத்தி ஆளுக்கு ஒரு பக்கம் வயிற்றைத் தேய்த்தார்கள். பிறகு நடத்தினார்கள், நிறுத்தித் தேய்த்தார்கள், மறுபடியும் நடத்தினார்கள். வெயில் ஏறியது. இஞ்ஞாசியும் தங்கமுத்துவும் தலைக்கயிற்றின் இரண்டு பக்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள்.

ராமுத்தாய் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் நின்ற செபாஸ்தியம்மாளிடம் மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டாள். ஒரு தடவை வாயைத் திறந்ததே அன்றைக்குத் தைரியம் கொடுத்திருந்தது.

“ஏன் மதினி, எங்க வீட்டுக் கொழம்பு அப்பிடி என்ன ஒங்களுக்கு ஆகாமப் போச்சு?”

“எந்தக் கொழம்பு?”

“பிள்ளைகிட்டக் குடுத்து விட்டேன்ல, கோழிக் கொழம்பு. வேணாமுன்னு திருப்பி அனுப்புனீகளே.”

செபாஸ்தியம்மாள் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். “அடி ஆத்தாடி! அன்னைக்குத்தானே விபூதிப் புதன்? எங்களுக்குத் தவக்காலம் பெறந்துருச்சு. பாஸ்குப் பண்டிகை வரைக்கும் கவுச்சி தொட மாட்டோம், ஆத்தாட்டச் சொல்லிரு, பாஸ்கு முடிஞ்சு குடுக்கச் சொல்லுன்னு அம்புட்டும் சொன்னேனே பிள்ளைகிட்ட!”

இரண்டு பேரும் ஒச்சம்மாளைப் பார்த்தார்கள். அது மாட்டின் வாலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

“சட்டியத் தெறந்ததும் எனக்கு நாக்குல தண்ணி ஊறிருச்சு ராமுத்தாயி. சேசுவேன்னு மூடி அனுப்புனேன். நீ இதையா மனசுல வச்சுக்கிட்டு மாட்டுக்கு ஊட்டுன?”

உச்சிப் பொழுது சாய்ந்த பிறகு மயிலை ஒரு பெரிய ஏப்பம் விட்டது. அந்த ஏப்பத்தைக் கேட்டு அம்புட்டுப் பேரும் அப்போதுதான் மூச்சை விட்டார்கள். பிறகு சாணி போட்டது. மீரான், “பொழைச்சுக்கிரும்” என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டார். “ஆனா ஒரு மாசத்துக்குக் கமலையில கட்டக் கூடாது. வைக்கோல்தான், அதுவும் ஒரு ஆளு கையால. வேற யாரு என்ன குடுத்தாலும் சொல்லிட்டுக் குடுங்க. சொல்லாமக் குடுத்தீக, அடுத்த தடவை என்னைக் கூப்பிடாதீக.”

இஞ்ஞாசி கிணற்று மேட்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் வடிந்திருந்தது, மனச்சடவு வடியவில்லை.

“ஏன் மாப்ள, மாட்டுக்குப் போட்டதுல ஒரு பிடி எனக்கு வாய் வார்த்தையாப் போட்டிருந்தா, நான் செரிச்சிருப்பேன்ல?”

“போட வந்தா எங்க நிக்கிறீக மச்சான்? தொண்டையச் செருமறதுக்குள்ள வரப்பத் தாண்டிர்றீக.”

இஞ்ஞாசி ஒரு கல்லை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டார். “எனக்குக் கூச்சமா இருக்கும்யா” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. அந்தக் கடுகடுப்பு முகத்துக்குப் பின்னால் இவ்வளவுதான் இருந்தது.

அன்றைக்கு ராமுத்தாய் ஊற்றிக் கொடுத்த கம்பங்கூழை இருவரும் அங்கேயே உட்கார்ந்து குடித்தார்கள். வெஞ்சனத்துக்கு உரித்த வெங்காயமும் மோர் மிளகாயும். மயிலையை வீட்டுக்கு நடத்திப் போக வேண்டாம், தேறும் வரை இங்கேயே கிடக்கட்டும் என்று இஞ்ஞாசி சொல்லிவிட்டார். அவர் செவலையையும் இவர்கள் காரியையும் ஜோடி சேர்த்து, ஒரு நாள் அந்தத் தோட்டம், ஒரு நாள் இந்தத் தோட்டம் என்று பேசிக்கொண்டார்கள். வேறு வழியும் இல்லை.

அந்த ஜோடி லேசில் சேரவில்லை. செவலை நெட்டை, காரி குட்டை. ஒன்று இழுத்தால் ஒன்று நிற்கும். இரண்டாம் நாளே செவலை துள்ளித் தங்கமுத்துவின் பாதத்தை மிதித்துவிட்டது. கால் வீங்கி, தரையில் ஊன்ற முடியவில்லை. சுருளி இல்லாவிட்டால் மடை திருப்ப ஆள் கிடையாது. ராமுத்தாய் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கமலைக்குப் போனாள். மாடு சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்து பாரம் கொடுக்க வேண்டும். பொம்பளை வடத்தில் உட்கார்ந்து கரட்டுப்பட்டியில் யாரும் பார்த்ததில்லை. வண்டிப்பாதையில் போனவர்கள் நின்று சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் தீனி வைக்கிறவளின் குரல் காரிக்குத் தெரியும். அவள் அதட்டினால் காரி இழுத்தது, காரி இழுத்ததால் செவலையும் இழுத்தது. உள்ளங்கை கொப்பளித்து உரிந்து, அதன் மேலேயே மறுபடியும் கயிற்றைப் பிடித்தாள்.

சாய்ங்காலம் சோறு போடுவதற்கு முன்னால் அவள் ஒரு சட்டம் போட்டாள். எல்லாரும் வட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பாள்: “மயிலைக்கு யாரு என்ன குடுத்தீக? சொன்னாத்தான் சோறு.”

“நான் ஒண்ணும் குடுக்கல” என்பான் சுருளி. “நானும் குடுக்கல ஆத்தா” என்பாள் ஒச்சம்மாள். “இல்ல” என்பான் தங்கமுத்து. அப்புறம்தான் சோறு விழும். முதல் நாலைந்து நாள் இப்படியே போயிற்று. ஒரு நாள் சுருளிக்கு ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது போல.

“நான் ஒண்ணும் குடுக்கல மதினி. ஒச்சம்மாதான் குடுத்துச்சு.”

“நான் குடுக்கல சித்தப்பா! பொய் சொல்றாக ஆத்தா!”

“மயிலைக்கு இல்ல புள்ள, எனக்கு. வாய்க்காலுக்கு மோர் கொண்டாந்து குடுத்தேல்ல. அந்த வெயிலுக்குத் தேவாமிர்தமா இருந்துச்சு.”

ஒச்சம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வட்டிலால் முகத்தை மூடிக்கொண்டது. மறுநாள் அதுவே முந்திக்கொண்டு, சித்தப்பா தன் காலில் முள் எடுத்துவிட்ட கதையைச் சொல்லிற்று. அப்புறம் அது பழக்கமாயிற்று. மயிலையின் பேரைச் சொல்லித்தான் கேள்வி. பதில் மட்டும் வேறு வேறு ஆட்களைப் பற்றி வந்தது. பாஸ்கு முடிந்து ஒரு நாள் செபாஸ்தியம்மாள் கோழிக் குழம்புக்கு உரிமையோடு வந்து உட்கார்ந்தாள். கூட வந்த இஞ்ஞாசியிடமும் ராமுத்தாய் கரண்டியை நீட்டினாள்.

“அண்ணே, நீங்க என்ன குடுத்தீக?”

“நான் இவளுக்கு ரெண்டு வசவு குடுத்தேன். வேற என்ன இருக்கு எங்கிட்ட?”

“பொய்யி. காலையில எனக்கு மின்ன எந்திரிச்சு அடுப்புப் பத்த வச்சாரு” என்றாள் செபாஸ்தியம்மாள். இஞ்ஞாசி வரப்பைத் தாண்டி ஓட இடமில்லாமல் குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கமுத்து மட்டும் மாறவே இல்லை. என்றைக்கும் அதே “இல்ல”தான். ராமுத்தாயும் அவனிடம் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் சுற்றியிருந்த கைத் துணியை அவன் பார்ப்பான், பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைவான். விதைக் கம்பை மாட்டுக்கு ஊறவைத்த மனிதனிடம் வார்த்தை கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் ஆசை இல்லாமல் இல்லை.

சித்திரையில் வெங்காயம் எடுத்தார்கள். தாள் அறுத்துக் காயப்போட்டதும் வாசல் முழுக்கச் சிவந்து கிடந்தது. மீரானைக் கூட்டிப் போய் ஒரு மாடு வாங்கி வந்தார்கள். மயிலை நன்றாகத் தேறி, இஞ்ஞாசி வந்து பிடித்துக்கொண்டு போனார். இந்தத் தடவை வரப்பில் ஒரு நிமிஷம் நின்று, தங்கமுத்து செருமி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் போனார்.

அன்று சாய்ங்காலம் கொட்டத்தில் மயிலையின் முளை காலியாக இருந்தது. ராமுத்தாய் சோற்றுப் பானையை எடுத்து வைத்தாள். கேட்பதற்கு இனி மாடு இல்லை. பேசாமல் ஒவ்வொரு வட்டிலாகச் சோற்றைப் போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள். யாரும் கை வைக்கவில்லை. சுருளி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒச்சம்மாள் ஆத்தா வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, சாப்பிடுங்க. ஆறிப்போகுது.”

தங்கமுத்து தொண்டையைச் செருமினான். ஒரு தடவை செருமி, போதாமல் இன்னொரு தடவையும் செருமினான். வட்டிலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இந்த வெங்காயம் இவளாலதான் வீடு வந்துச்சு. வடத்துல ஒக்காந்து இறைச்சா. கையெல்லாம் உரிஞ்சுபோச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

ராமுத்தாய் கரண்டியைப் பானைக்குள் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“காதுல சரியா விழுகல. இன்னொருக்கச் சொல்லுங்க” என்றாள்.